மூன்று கட்டையில் ஒன்று, நான்கு கட்டையில் ஒன்று

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தில் முதல் பக்கத்து ஆறாவது பாட்டு ‘ஷீஸ் லீவிங் ஹோம்’. ஹார்ப் தொடங்கிவைக்கும், வயலின்களும் செல்லோக்களும் சேர்ந்துகொள்ளும், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பெண் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து வீட்டைவிட்டுப் போவாள். பல வருஷம் இதை ஸ்டீரியோவில், அதாவது ஒலி இடது வலது என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து வரும் வடிவத்தில் மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். என் மனதில் அது அப்பா அம்மாவின் பாட்டாகவே இருந்தது. குறட்டை விட்டுத் தூங்கும் அப்பா, கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் உச்சியில் உடைந்து நிற்கும் அம்மா, அவர்களுடைய முறையீடாக, குழுவின் பாடகர்களில் ஒருவரான லெனனின் குரல். மெதுவான, கனத்த பாட்டு. 2009-இல் பீட்டில்ஸின் மோனோ தொகுப்பு வெளிவந்த பிறகு அதே பாட்டை மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும் வடிவத்தில் கேட்டேன். சுருதி ஏறியிருந்தது. ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், ஸ்டீரியோவில் மூன்று கட்டையில் இருப்பது மோனோவில் நான்கு கட்டைக்குப் போய்விட்டது. மோனோ மிக்ஸ் செய்யும்போது, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலந்து ஒன்றாக்கும்போது, டேப்பை வேகம் கூட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். அதனால் நடையும் விறுவிறுவென்று ஆகிறது, முதன்மையாகப் பாடும் மெக்கார்ட்னியின் குரலுக்குச் சில வயது குறைகிறது, பாட்டும் பத்து வினாடி போல முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பாட்டு அந்தப் பெண்ணுடையதாகிவிட்டது. பெற்றோரின் குரல் பின்னாலிருந்து கேட்கிறது, அவள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அதே பாடல் வரி, அதே வாத்தியக்காரர்கள், அதே குரல், அதே டேப். ஆனால் யாருடைய துக்கம் என்பதே மாறிவிடுகிறது. அப்படியானால் பாட்டு என்று நாம் சொல்வது இந்த இரண்டில் எதை? ராக் ரசிகர்களிடம் இதற்குத் தயார் பதில் உண்டு: மோனோதான் அசல், ஸ்டீரியோ பிற்பாடு ஒட்டவைத்தது. நிறைய உண்மை இருக்கிற பதில்தான். ஆனாலும் அது எனக்கு முழுசாக ஒத்துவரவில்லை. எங்கே ஒத்துவரவில்லை என்று யோசித்துக்கொண்டே பழைய ஆல்பங்களை இரண்டு வடிவங்களிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழு அறையில் இருந்த மிக்ஸ்

முதலில் மோனோ கட்சியின் நியாயம். அது பலமானது. 1967-இல் பிரிட்டனில் பாப் இசை வாங்கிய இளைஞர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்ட் பிளேயர். பாட்டு ஒலிபரப்பான ரேடியோ மத்திய அலை, அதாவது மோனோ. பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சிங்கிள் தட்டுகளும் மோனோ. ஸ்டீரியோ தட்டுகள் பத்து வருஷத்துக்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டன என்றாலும், அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிற, வசதியான பெரியவர்கள். ஆகவே லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈஎம்ஐ ஸ்டுடியோவில் ‘சார்ஜன்ட் பெப்பர்’ மிக்ஸ் ஆனபோது நேரமும் கவனமும் போனது மோனோவுக்கு. நான்கு பேரும் கூடவே இருந்து, இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வாரக்கணக்கில் உருவான மிக்ஸ் அது. ஸ்டீரியோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் குழு இல்லாமலேயே சில நாளில் முடித்துவிட்டார்கள்.

அந்தக் கவனம் காதில் விழுகிறது. ‘லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ மோனோவில் லெனன் குரல்மேல் ஓர் அலை சுழன்றுகொண்டே இருக்கிறது. ஸ்டீரியோவில் அது மெலிந்து, குரல் கிட்டத்தட்ட சாதாரணமாக நிற்கிறது. குரலையே இரட்டிப்பாக்க கென் டவுன்சென்ட் என்ற அபே ரோட் பொறியாளர் 1966-இல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரே குரலை இன்னொரு டேப் இயந்திரம் வழியாகக் கொஞ்சம் தாமதித்துச் சேர்ப்பது. அந்த இயந்திரத்தின் வேகத்தை ஒருவர் கையால் ஏற்றி இறக்கும்போதுதான் இந்த அலை பிறக்கிறது. மோனோ மிக்ஸில் அதைத் தாராளமாகச் செய்தார்கள். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு இரண்டாம் முறை வரும்போது கடைசியில் மெக்கார்ட்னி கூட்டத்தைப் பார்த்துக் கத்துவது மோனோவில் நன்றாகக் கேட்கும், ஸ்டீரியோவில் தேடினால்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம் அனுபவித்தால்தான் புரியும். மோனோவில் எல்லா ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. கிடாரும் பியானோவும் ஒரே ஒலி வீச்சில் மோதினால், ஒன்றை இடது பக்கம் தள்ளி வழிவிட முடியாது. பொறியாளர் ஒன்றின் கீழ்ஸ்வரங்களைச் செதுக்க வேண்டும், அல்லது எதிரொலி சேர்த்துப் பின்னுக்கு அனுப்ப வேண்டும், அல்லது இசைக்குழுவையே வேறு மாதிரி வாசிக்கச் சொல்ல வேண்டும். அதனால் நல்ல மோனோ மிக்ஸில் அகலம் இல்லாவிட்டாலும் ஆழம் இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று வரிசையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். டிரம்ஸும் பேஸும் ஒரே இடத்திலிருந்து சேர்ந்து வருவதால் அடி பலமாக விழும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரை அறையின் குறுக்கே வைத்துக் கேட்டுப் பாருங்கள். மோனோவுக்கு அதுதான் வீடு.

ஸ்டீரியோ பிளேயரில் இருக்கும் மோனோ பட்டனை அழுத்தினால் இது கிடைத்துவிடாது. அங்கே இரண்டு பக்கமும் வெறுமனே கூட்டப்படுகின்றன. நடுவில் இருந்த குரல் தூக்கலாகிவிடும், ஓரங்களில் இருந்தவை அமுங்கிப்போகும், இரு பக்கத்திலும் எதிர் எதிராக அசையும் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். 1969 தொடக்கத்தில் வந்த பீட்டில்ஸின் ‘யெல்லோ சப்மரீன்’ ஆல்பத்தின் பிரிட்டிஷ் மோனோ தட்டு இப்படிக் கூட்டி வந்ததுதான். ‘மோனோ’ என்று அட்டையில் இருக்கிறதே என்று அதைத் தேடி வாங்குபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

வேலைக்கு வைத்த டேப், விலைக்கு வந்த ஸ்டீரியோ

பழைய ஸ்டீரியோவுக்குக் கெட்ட பெயர் வர ஒரு முக்கியக் காரணம் ஹெட்ஃபோன். பேருந்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் மாட்டினால் பாட்டே இல்லை, வெறும் வாத்தியம், மறுபக்கம் மாட்டினால் பாடகர்கள் எங்கோ கிணற்றடியில் தனியாகப் பாடுவது போல இருக்கும். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தபோது கையில் இருந்தது இரண்டு ட்ராக் டேப். ஒன்றில் வாத்தியம், ஒன்றில் குரல். பிற்பாடு மோனோவாகக் கலக்கும்போது இரண்டின் அளவையும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அப்படிப் பிரித்தார்கள். அந்த வேலை டேப்பையே இடதும் வலதுமாக விட்டு ஸ்டீரியோ என்று தட்டு போட்டார்கள். இரண்டு ஸ்பீக்கர் உள்ள அறையில் அது அவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் வந்து சேர்ந்துவிடும், சுவர்கள் மீதியைக் கலந்துவிடும். ஹெட்ஃபோன்தான் அந்தக் கலப்பை அறவே வெட்டிவிடுகிறது.

அப்படியும் அந்த ஸ்டீரியோவில் சில பொக்கிஷங்கள் உண்டு. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டின் ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் லெனனுக்கு வரி தவறிவிடும், அடுத்து வரும் சொல்லில் சிரிப்பு எட்டிப்பார்க்கும். மோனோவில் அந்தச் சறுக்கல் கிடையாது. ‘ஹெல்ப்’ பாட்டின் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் லெனன் பாடியது வெவ்வேறு பதிவு. இதெல்லாம் வெறும் இடது வலது விவகாரம் இல்லையே என்று எனக்குச் சந்தேகம் கிளம்பிய இடம் இது.

அமெரிக்காவில் இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் 1966 மே மாதம் வந்தபோது உண்மையான மிக்ஸ் மோனோ மட்டுமே. குழுவின் பாட்டுகளை உருவாக்கிய பிரையன் வில்சனுக்குச் சிறு வயதிலிருந்தே வலது காது ஏறக்குறைய கேட்டதில்லை. ஸ்டீரியோ என்றால் அவருக்கு அது ஒரு செய்தி மட்டுமே, அனுபவம் இல்லை. ஆனால் கடையில் ஸ்டீரியோ என்ற முத்திரையோடும் தட்டு வேண்டுமே. கேபிட்டல் நிறுவனம் ‘டூயோஃபோனிக்’ என்று பெயர் வைத்து, அந்த மோனோவையே ஒரு பக்கம் கீழ்ஸ்வரம் தூக்கலாகவும் மறுபக்கம் மேல்ஸ்வரம் தூக்கலாகவும் பிரித்து, கொஞ்சம் தாமதமும் சேர்த்து விற்றது. ஒரு கையெழுத்துப் பிரதியைத் தண்ணீரில் நனைத்து மை பரவவிட்டது போன்ற ஒலி அது.

‘பெட் சவுண்ட்ஸ்’ முழுக்க உண்மையான ஸ்டீரியோவில் வர 1997 ஆயிற்று. ஒலிப்பொறியாளர் மார்க் லினெட், வாத்தியங்கள் தனித்தனியாக இருந்த டேப்களையும், குரல்கள் இருந்த டேப்களையும் டிஜிட்டலில் வேகம் பொருத்தி அந்த மிக்ஸைச் செய்தார். அதைக் கேட்கும்போது எனக்கு முதலில் வந்தது பரவசம். மோனோவில் ஒரே திரவமாக ஓடும் ஒலிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! பேஸ் ஹார்மோனிகா, இரண்டு மூன்று கிடார், அக்கார்டியன், டிம்பனி எல்லாம் தங்கள் இடத்தில் நின்று தெரிகின்றன. ‘ஹியர் டுடே’ பாட்டின் நடுவில் வாத்தியங்கள் மட்டும் வரும் இடத்தில் மோனோவில் ஸ்டுடியோப் பேச்சுச் சத்தம் மங்கலாகக் கேட்கும். ஸ்டீரியோவில் அதைத் துடைத்துவிட்டார்கள். ‘வுடன்ட் இட் பி நைஸ்’ பாட்டின் நடுப்பகுதியில் மோனோவில் பாடுவது குழுவின் இன்னொரு பாடகர் மைக் லவ். 1997 ஸ்டீரியோவில் அந்தக் குரல் இருந்த ட்ராக் கிடைக்காததால் அங்கே பிரையன் பாடுகிறார்.

பரவசம் அடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஸ்டீரியோவில் எனக்கு அக்கார்டியன் தெரிகிறது, டிம்பனி தெரிகிறது. மோனோவில் அவை தெரியவில்லை. அவற்றுக்குப் பதிலாக பெயர் வைக்க முடியாத ஒரு வாத்தியம் கேட்கிறது. இரண்டு மூன்று வாத்தியங்களை ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து வாசிக்கவைத்து, எதுவென்று பிரிக்க முடியாத நான்காவது நிறம் ஒன்றை உண்டாக்குவதுதான் வில்சனின் வேலை முறை. பிரித்து வைத்தால் அந்த நான்காவது நிறம் போய்விடுகிறது. இந்த ஆல்பத்துக்கு என் ஓட்டு தயக்கமில்லாமல் மோனோவுக்கு. அது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க ஆசைப்படும் நாளில் ஸ்டீரியோ.

வால்ரஸின் இரண்டாவது நிமிடம்

இதுவரைக்கும் மோனோ கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் எண்ணத்தை வேறு பக்கம் திருப்பியது பீட்டில்ஸின் ‘ஐ ஆம் த வால்ரஸ்’. இந்தப் பாட்டைப் பழைய ஸ்டீரியோ மிக்ஸில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால், சுமார் இரண்டு நிமிடம் கழித்து ஒரு விநோதம் நடக்கும். அதுவரை இடமும் வலமும் விரிந்திருந்த ஒலி சட்டென்று சுருங்கிவிடும். வாத்தியங்கள் தங்கள் இடத்தை இழந்து நடுவில் குவிந்து, மேலே மெல்லிய சல்லாத் துணி போர்த்தியது போல ஆகிவிடும். ரேடியோவைத் திருப்பும் கரகரப்பு வரும், யாரோ பேசுவார்கள், கோரஸ் வரும், ஆனால் கடைசிவரை அந்த அகலம் திரும்ப வராது. வெகுகாலம் இது லெனனின் திட்டம் என்றே எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாட்டு கனவுக்குள் இறங்குவதற்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது.

காரணம் மிக நடைமுறையானது. 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸ் நடந்துகொண்டிருந்தபோது, ஒலிகளைக் கலக்கும் மேசையான கன்சோலுக்குள் ஒரு ரேடியோவின் இணைப்பைக் கொடுத்து, நிலையம் மாற்றி மாற்றித் திருப்பினார்கள். பிபிசியின் தேர்ட் புரோகிராம் அலைவரிசையில் அந்த நேரத்தில் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் அங்கத்தில் ஆஸ்வால்ட் குத்துப்பட்டுச் சாகும் காட்சி. அந்தக் குரல்கள் நேராக மிக்ஸுக்குள் வந்து விழுந்தன. பாட்டின் டேப்பில் எந்த ட்ராக்கிலும் அவை இல்லை. அந்த இரவு மிக்ஸ் செய்த சில நிமிடங்களில் காற்றில் வந்தது, அந்த மோனோ டேப்பில் மட்டும் பதிந்தது. பின்னர் ஸ்டீரியோ செய்ய உட்கார்ந்தபோது அதே காட்சி ரேடியோவில் மறுபடி வருமா? வராது. ஆகவே முதல் பாதியை ஸ்டீரியோவில் கலந்து, ரேடியோ வரும் இடத்திலிருந்து மோனோவையே வெட்டி ஒட்டி, அதற்குப் பொய் ஸ்டீரியோ பூச்சு கொடுத்தார்கள். (மறுநாள் செப்டம்பர் 30 அன்று பிபிசியின் ரேடியோ 1 தொடங்கியது, 247 மீட்டர் மத்திய அலையில். சிங்கிள் தட்டில் இந்தப் பாட்டை ஊர் முழுக்கக் கேட்கவிருந்ததும் மோனோவில்தான்.)

இதைத் தெரிந்துகொண்டு அந்த ஒட்டு விழும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மிக்ஸ் என்பதைப் பதிவு முடிந்த பிறகு நடக்கும் சரிபார்க்கும் வேலை என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் நினைவு கிடையாது. பாட்டு ஓட ஓட, பொறியாளரின் விரல்கள் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களின் மேல் இருக்கும். இந்த இடத்தில் கிடாரை ஏற்று, இங்கே எதிரொலியைக் கொடு, இங்கே டேப் வேகத்தை அசை என்று எல்லாம் அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் கையால் நடக்கும். பிசகினால் முதலிலிருந்து மறுபடி. இன்றைக்குச் செய்ததையே நாளைக்கு அப்படியே செய்ய யாராலும் முடியாது. அப்படியென்றால் மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே படைப்பின் இரண்டு அச்சுகள் என்று சொல்லவே முடியாது. ஒரே டேப்பை வைத்து வெவ்வேறு நாளில் நிகழ்த்திய இரண்டு நிகழ்ச்சிகள் அவை. ஒரு நாள் நான்கு பேரும் அறையில் இருந்தார்கள், மற்றொரு நாள் இல்லை. ஒரு நாள் ரேடியோவில் லியர் மன்னர் கதை வந்தது, மற்றொரு நாள் வரவில்லை.

இப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் ‘எது அசல்’ என்ற கேள்வியை ஆல்பத்துக்கு ஆல்பம், சில சமயம் பாட்டுக்குப் பாட்டு கேட்க வேண்டியதாகிவிட்டது. ‘சார்ஜன்ட் பெப்பர்’ மோனோவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன் நான். ஆனால் ‘குட் மார்னிங் குட் மார்னிங்’ முடிந்து தலைப்புப் பாட்டு திரும்ப வருகிற இடத்தில் கோழிக் கொக்கரிப்பு அப்படியே கிடாரின் முதல் ஸ்வரமாக மாறுவது ஸ்டீரியோவில்தான் கச்சிதம். மோனோவில் அந்த இணைப்பு அவ்வளவு அழகாக உட்காரவில்லை. சில நாளில் அவசரமாகச் செய்ததாகச் சொல்லப்படும் ஸ்டீரியோவில் அது எப்படிப் பொருந்தியது? இரண்டாவது முறை செய்கிறவருக்கு முதல் முறையில் தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கங்களுக்காகவே எழுதியது

அதே 1967-இல் வேறொரு லண்டன் ஸ்டுடியோவில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஒலிம்பிக் ஸ்டுடியோவில் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஒலிப்பொறியாளர் எடி கிரேமரும் செய்துகொண்டிருந்த ‘ஆக்ஸிஸ்: போல்ட் அஸ் லவ்’ ஆல்பம் ஸ்டீரியோவை ஒரு வாத்தியம் போலவே வாசித்தது. ஆல்பத்தின் தொடக்கத்திலேயே கிடாரின் ஓலம் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பாய்ந்து சுற்றிவரும். அதை மோனோவில் கேட்டால் சத்தம் ஏறி இறங்குகிறது, அவ்வளவே. பறந்தது என்ன என்று தெரியாது. கடைசிப் பாட்டின் முடிவில் டிரம்ஸும் கிடாரும் இரண்டு பக்கமும் விரிந்து சுழலும் இடத்தை ஸ்டீரியோவில் கேட்டுவிட்டு மோனோவுக்குத் திரும்ப எனக்கு மனசில்லை.

இந்த ஆல்பத்தின் கதை ஒன்று என் எண்ணத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. முதல் பக்கத்தின் மிக்ஸ் முடிந்த டேப்பை ஹெண்ட்ரிக்ஸ் லண்டன் டாக்ஸி ஒன்றில் விட்டுவிட்டார். டேப் கிடைக்கவே இல்லை. வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டதால் ஒரே இரவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். ‘இஃப் சிக்ஸ் வாஸ் நைன்’ மட்டும் பழைய மிக்ஸ் போல வரவே இல்லை. கடைசியில் பேஸ் வாசித்த நோயல் ரெடிங்கிடம் இருந்த ஒரு பிரதி டேப்பைக் கொண்டுவந்து, அதன் சுருக்கங்களை நீக்கி, அதையே பயன்படுத்தினார்கள். பாட்டைப் பாடியவரும் வாசித்தவரும் கலந்தவரும் அங்கேயே இருக்கிறார்கள், பல ட்ராக் டேப்பும் கையில் இருக்கிறது, ஆனாலும் சில நாளுக்கு முன் செய்த மிக்ஸைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. மிக்ஸ் ஒரு நிகழ்த்துதல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிரிட்டிஷ் குழுவான பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமும் அந்த வருஷம் அபே ரோட்டில்தான் உருவானது. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், பீட்டில்ஸின் ஆரம்ப கால ஒலிப்பொறியாளர். அதில் ‘இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்’ கடைசியில் முழு இசையும் இடவலமாக வீசி அடிப்பதை ஸ்டீரியோவில் கேட்க வேண்டும். ஆனால் அதே ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் மோனோவில் இறுக்கமாக, கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருக்கின்றன. நான் அந்த ஆல்பத்தை இரண்டு வடிவத்திலிருந்தும் பொறுக்கித்தான் கேட்கிறேன். தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ளட்டும்.

1968 நவம்பரில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம் வந்தது. பிரிட்டனில் இரண்டு வடிவமும், அமெரிக்காவில் ஸ்டீரியோ மட்டும். அங்கே மோனோ தட்டுகளின் காலம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ ஸ்டீரியோவில் மங்கி மறைந்து, மறுபடி மேலெழுந்து, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ கத்துவதோடு முடியும். மோனோவில் முதல் மங்கலோடு பாட்டு முடிந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு, கத்தலும் கிடையாது. ‘டோன்ட் பாஸ் மீ பை’ மோனோவில் வேகமாக ஓடுகிறது. மோனோதான் எப்போதும் அசல் என்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: ரிங்கோவின் அந்தக் கத்தல் இல்லாத ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ உங்களுக்குப் போதுமா? எனக்குப் போதாது. அடுத்த வருஷம் ‘அபே ரோட்’ ஸ்டீரியோவில் மட்டுமே வந்தது, அதோடு அவர்கள் பங்குக்கு இந்த இரட்டை வாழ்க்கை முடிந்தது.

2017-இல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ‘சார்ஜன்ட் பெப்பரை’ மறுபடி ஸ்டீரியோவில் கலந்தபோது, பழைய மோனோவையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். டிரம்ஸையும் பேஸையும் நடுவுக்குக் கொண்டுவந்தார், மோனோவின் வேகங்களையும் சுழலும் குரலையும் எடுத்துக்கொண்டார். ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு, இந்த ஆல்பத்தை முதன்முறை கேட்கும் பிள்ளைகளுக்கு, நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டு ஸ்பீக்கர்கள் உள்ளவர்களும் இதில் தொடங்கலாம். அப்புறம் ஆசை பிடித்துக்கொண்டால் மோனோவைத் தேடுங்கள். தட்டாக வேண்டுமென்றால் 2014-இல் வந்த மோனோ பதிப்புகள் இருக்கின்றன, டிஜிட்டல் குறுக்கே வராமல் பழைய டேப்பிலிருந்தே நேராக வெட்டியவை. பாலன்ஸ் குமிழியை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரே ஸ்பீக்கரில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். முதலில் ‘லூசி’.